பனிக்குடமும் பஞ்சாங்கமும்

(ஒரு வளைகாப்பு வீட்டில் கூடியிருந்த பெண்களிடையே நாம் பேசியதன் சாரம்)



வளைகாப்பு வீட்டிற்கு வந்தவர்கள் வளையலைப் பற்றியும், சோற்றைப் பற்றியும், பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்பதைப் பற்றியும் பேசிவிட்டுப் போவதே வழக்கமாயிருக்க, நாம் பனிக்குடம் உடைவதைப் பற்றிப் பேச வந்திருப்பதைச் சிலர் அபசகுனம் என்றுகூட நினைக்கலாம். "நல்ல நாளும் அதுவுமாய் இந்தப் பேச்சு எதற்கு?" என்று பின்வரிசையில் ஒரு அம்மாள் முணுமுணுத்தது நம் காதில் விழாமலில்லை. ஆனால் மழைக்காலம் வருமுன் கூரையைப் பார்க்கிறோம். ரயிலுக்குப் போகுமுன் மணி பார்க்கிறோம். பிரசவத்தை மாத்திரம் அது வந்து தலையில் விழுந்த பிறகு பார்த்துக் கொள்ளலாமென்று விட்டுவிடுகிறோம். அப்போது யோசிப்பதற்கு நேரமும் இருப்பதில்லை, யோசிக்க வேண்டியவளை யாரும் கேட்பதுமில்லை. ஆதலால்தான் அவள் சௌக்கியமாய் இங்கே வளையலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டுமென்று வந்தோம். நாம் டாக்டர் அல்ல. டாக்டர்கள் எழுதியதைப் படித்தும், அவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதையும், கண்ணால் பார்த்ததையுமே சொல்லுகிறோம்.

முதலில் கண்ணால் பார்த்ததைச் சொல்லுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். மாதம் நிறைந்துவிட்டது, 39 வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2.45 மணிக்குப் பாத்திரம் துலக்கிக் கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று தண்ணீர் கொட்டி, சேலையெல்லாம் நனைந்துவிட்டது. வலி ஒன்றுமில்லை. மாமியாரிடம் சொன்னாள். அந்த அம்மாள் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரைப் பார்த்தார். 3 மணி முதல் 4.30 வரை ராகு காலம். அது கழியட்டும் என்றார். கழிந்தது. அதற்குள் மாமனார் வந்து, செவ்வாய்க்கிழமையில் வயிற்றுப் பிள்ளைக்காரியை வாசல் தாண்டி அனுப்புவதா என்றார். வலிதான் இல்லையே, அவசரமென்ன என்று எல்லோரும் சொன்னார்கள். சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். புதன்கிழமை காலையில் அஷ்டமி என்று தெரிந்தது. அஷ்டமி போனால் நவமி. புதன் இரவு அவளுக்குக் குளிர் காய்ச்சல் கண்ட பிறகுதான் வண்டி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி 9. அதாவது தண்ணீர் உடைந்து 30 மணி நேரத்திற்கு மேல்.

இதற்கு மேல் நடந்ததுதான் முக்கியம். அங்கே நர்சு, "தண்ணீர் எப்போது உடைந்தது?" என்று கேட்டார். மாமியார், "இன்றைக்குக் காலையில்தான்" என்று சொல்லிவிட்டார். பொய் சொல்ல வேண்டுமென்று சொன்னதல்ல. உண்மையைச் சொன்னால் வையப் போகிறார்களே என்ற பயத்தில் சொன்னது. அந்தப் பெண் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். "நீ சும்மா இரு" என்றார்கள். வைத்தியம் 12 மணி நேரக் கணக்கில் ஆரம்பமாயிற்று. மறுநாள் விடியற்காலையில் குழந்தை பிறந்தது. அழவில்லை. பதினோரு நாள் சிசு வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். இப்போது அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. மாமியார் வேண்டுதல் நிறைவேறியதென்று மொட்டையடித்துக் காது குத்தினார். பதினோரு நாள் கண் விழித்த நர்சுகளுக்கு யாரும் மொட்டையடித்துக் கொள்ளவில்லை. அவர்கள் அதை எதிர்பார்க்கவுமில்லை.

அந்த மாமியாரைக் கொடியவர் என்று சொல்ல நாம் வரவில்லை. பிற்பாடு அவரோடு பேசினபோது அவர் சொன்னது இது: "என் முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் என்னை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். தொடையில் அடித்தார்கள். நாலைந்து பேர் மாறி மாறிக் கைவிட்டுப் பார்த்தார்கள். அங்கே எவ்வளவு குறைந்த நேரம் இருக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன்." பஞ்சாங்கம் ஒரு சாக்கு, பயந்தான் காரணம். ஆகவே பஞ்சாங்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டால் மாத்திரம் காரியம் ஆகிவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆஸ்பத்திரியில் பெண்களை நடத்துகிற முறையும் திருந்தவேண்டும். அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

நிற்க, பனிக்குடம் என்பது என்ன? குழந்தையைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகளாலான ஒரு பை. அதற்குள் தண்ணீர். அதில் குழந்தை மிதக்கிறது. கீழே பெண்ணுறுப்பில் எப்போதும் இருக்கிற கிருமிகள் மேலே ஏறிக் குழந்தையிடம் போகாமல் இந்தப் பை தடுப்புச் சுவர்போல் நிற்கிறது. சாதாரணமாக முதலில் வலி வந்து, கர்ப்பப்பை வாய் திறந்து, பிறகு பிரசவத்தினிடையே பை உடையும். ஆனால் மாதம் நிறைந்த கர்ப்பிணிகளில் 100க்கு சுமார் 8 பேருக்கு வலி வருமுன்பே உடைந்துவிடுகிறது. இது யாருடைய கண்ணேறுமல்ல, யாரும் செய்த பாவமுமல்ல. குடம் தூக்கியதால் உடைந்தது, வாசற்படி தாண்டியதால் உடைந்தது என்று அந்தப் பெண்ணின் தலையில் பழி போடுவதற்கும் யாதொரு நியாயமுமில்லை. மாதம் நெருங்கும்போது சவ்வு தானாகவே மெலிவதும், சிலருக்குக் கிருமி தொற்றி அது பலவீனப்படுவதுமே பெரும்பாலும் காரணம்.

மாதம் நிறைந்தது என்று நாம் சொல்லுவது 37 வாரம் முடிந்ததை. அதற்கு முன் உடைந்தால் அது வேறு சங்கதி. அதற்கு வைத்தியமும் வேறு. குழந்தையின் மூச்சுப்பை முற்றவில்லையாதலால் அங்கே கணக்கே மாறிப்போகும். அதிலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது மட்டும் மாறாது.

உடைந்த பிறகு சும்மாயிருந்தால் என்ன ஆகும்? 100க்கு சுமார் 60 பேருக்கு 24 மணி நேரத்திற்குள் தானாகவே வலி கண்டுவிடும். இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, காத்திருந்தால் வலி வருகிறதே" என்று சொல்லுவீர்கள். வாஸ்தவம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதுமில்லை. பயமுறுத்திப் பேசுவது பகுத்தறிவாகாது. உள்ளதை உள்ளபடி சொல்லுவோம். பை உடையாதிருக்கிற நிலையில் பிறக்கும் குழந்தைகளில் 200க்கு ஒன்றுக்குக் கடுமையான கிருமி நோய் வருகிறதென்றால், வலிக்கு முன்பே பை உடைந்தவர்களின் குழந்தைகளில் 100க்கு ஒன்றுக்கு வருகிறது. அதாவது இரட்டிப்பு. நூற்றில் ஒன்றுதானே என்று அலட்சியம் செய்கிறவர்கள் அந்த ஒன்று தங்கள் வீட்டுத் தொட்டிலாயிருந்தால் என்ன சொல்லுவார்கள் என்று யோசித்துக் கொள்ளட்டும். தாய்க்கும் கர்ப்பப்பையில் கிருமி தொற்றலாம். நேரம் ஆக ஆக இந்த ஆபத்து ஏறுகிறது. ராகு காலம் போய்விடுகிறது, எமகண்டம் போய்விடுகிறது. ஆனால் உடைந்த நேரத்திலிருந்து ஓடுகிற கடிகாரம் மாத்திரம் எந்த நல்ல நேரத்திற்காகவும் நிற்பதில்லை.

அப்படியானால் உடைந்தவுடனே மருந்து கொடுத்து வலியை வரவழைப்பது நல்லதா, கொஞ்சம் காத்திருப்பது நல்லதா? இதில் டாக்டர்களுக்குள்ளேயே வெகுகாலம் அபிப்பிராய பேதமிருந்தது. "உடனே மருந்து கொடுத்தால் வயிற்றைக் கிழிக்கிற ஆபரேஷனில்தான் போய் முடியும்" என்று ஒரு சாராரும், "காத்திருந்தால் கிருமி தொற்றும்" என்று மற்றொரு சாராரும் சொல்லி வந்தார்கள். இதை எப்படித் தீர்த்தார்கள் என்பதுதான் கவனிக்கத்தக்கது. எந்தப் பெரியவர் சொன்னார், எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கனடா தேசத்து டாக்டர்கள் முன்நின்று, 6 தேசங்களிலுள்ள 72 ஆஸ்பத்திரிகளில், மாதம் நிறைந்து பை உடைந்து வந்த 5,041 பெண்களின் சம்மதத்தின் பேரில், சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பிரித்து, சிலருக்கு உடனே வலி வரவழைத்தும், சிலரை 4 நாள் வரையில் காத்திருக்க வைத்தும் பார்த்தார்கள். 1996இல் அதன் முடிவு வெளிவந்தது.

என்ன முடிவு? ஆபரேஷன் எல்லா வகுப்பிலும் 100க்கு சுமார் 10தான். உடனே மருந்து கொடுத்ததனால் அது கூடவில்லை. குழந்தைகளுக்குத் தொற்று வந்ததிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் உடனே டிரிப் ஏற்றி வலி வரவழைத்த தாய்மார்களில் 100க்கு 4 பேருக்குக் கர்ப்பப்பையில் தொற்று கண்டிருக்க, காத்திருந்தவர்களில் 100க்கு 8க்கு மேல் கண்டது. பெண்களையே கேட்டபோது, உடனே வலி வரவழைக்கப்பட்டவர்கள்தான் தங்களுக்கு நடந்ததைப் பற்றி அதிக திருப்தி சொன்னார்கள். அதற்குப் பிறகு 2017இல், இப்படிப்பட்ட 23 சோதனைகளையும் 8,615 பெண்களின் கணக்கையும் ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். சீக்கிரம் பிரசவம் செய்வித்தால் தாய்க்குத் தொற்று குறைகிறது, குழந்தைக்கும் குறைவதாகவே தோன்றுகிறது, ஆபரேஷன் கூடவில்லை என்று கண்டார்கள். இந்த ஆதாரங்களில் பல அவ்வளவு பலமானவையல்ல என்றும் அவர்களே எழுதி வைத்தார்கள். தன் பலவீனத்தைத் தானே எழுதி வைக்கிற பஞ்சாங்கம் எதையாவது யாராவது பார்த்ததுண்டா?

உலக சுகாதார ஸ்தாபனமும் மாதம் நிறைந்து பை உடைந்தவர்களுக்கு வலி வரவழைப்பதையே சிபாரிசு செய்கிறது. இங்கிலாந்தில், உடனே வலி வரவழைத்துக் கொள்ளுகிறாயா, 24 மணி நேரம் வரையில் காத்திருக்கிறாயா என்று அந்தப் பெண்ணையே கேட்கவேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். காத்திருப்பதென்றால் காலண்டரைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதல்ல. தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, காய்ச்சலைப் பார்த்து, குழந்தையின் துடிப்பைப் பார்த்து, எல்லாம் சரியாயிருக்கிறதென்று டாக்டர் தெரிந்துகொண்ட பிறகு, அவளுக்கும் தெரிந்து, அவளும் சம்மதித்துக் காத்திருப்பது. நம் நாட்டில் அவளைக் கேட்பது என்பதே இன்னும் பல இடங்களில் புதுமையாயிருக்கிறது.

இனி, கைவிட்டுப் பார்க்கிற சங்கதி. இதைப் பெண்கள் கூட்டத்தில்கூட வெட்கப்பட்டுப் பேசாமலிருக்கிறோம். ஆனால் எத்தனையோ லட்சம் தாய்மார்கள் இதனால்தான் செத்தார்கள். வியன்னா பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சுமார் 175 வருஷங்களுக்கு முன் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர் படிப்புப் படிக்கிற மாணவர்கள், மற்றொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் வார்டில் 1846ஆம் வருஷத்தில் பிரசவித்த தாய்மார்களில் 100க்கு 11 பேருக்கு மேல் பிரசவ ஜன்னியால் செத்தார்கள். மருத்துவச்சிகள் வார்டில் 100க்கு 3 பேருக்கும் குறைவு. எங்களை அந்த வார்டில் போடாதீர்கள் என்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினார்கள். அங்கே செம்மல்வைஸ் என்ற ஒரு டாக்டர் இருந்தார். சாகிறவர்களுக்குக் கடைசிச் சடங்கு செய்ய வருகிற பாதிரியாருக்கு முன்னால் மணியடித்துக்கொண்டு போவதைக் கேட்டுப் பயந்துதான் பெண்கள் சாகிறார்கள் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. செம்மல்வைஸ் அதை நம்பவுமில்லை, சிரித்துத் தள்ளவுமில்லை. மணியை அடிக்காமல் வேறு வழியாக வரும்படி பாதிரியாரைக் கேட்டுக்கொண்டு பார்த்தார். சாவு குறையவில்லை. சரி, மணி காரணமல்ல என்று தள்ளினார். இப்படியே ஒவ்வொன்றாய்ப் பார்த்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

1847இல் அவருடைய சிநேகிதரான ஒரு டாக்டர், பிணத்தை அறுத்துச் சோதிக்கும்போது கத்தி பட்டு, அதே ஜன்னி போன்ற நோயால் செத்தார். அப்போதுதான் விளங்கிற்று: பிணத்தை அறுத்த கையோடு வந்து மாணவர்கள் பிரசவப் பெண்களைச் சோதிக்கிறார்கள், மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை! உடனே, குளோரின் சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவாமல் யாரும் பெண்களைத் தொடக்கூடாதென்று உத்தரவு போட்டார். 1848இல் அந்த வார்டில் சாவு 100க்கு சுமார் 1 ஆகக் குறைந்தது. இதற்காக அவருக்குக் கிடைத்த மரியாதை என்ன? எங்கள் கை அசுத்தமா என்று பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் கோபித்துக் கொண்டார்கள். 1865இல் அவர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் செத்தார். மூடநம்பிக்கை கோயிலில் மாத்திரம் இருப்பதல்ல, படித்தவன் கௌரவத்திலும் இருக்கும் என்பதற்கு இது சாட்சி.

இப்போது கையுறை வந்துவிட்டது. கழுவுகிற வழக்கமும் வந்துவிட்டது. என்றாலும் பை உடைந்த பிறகு கைவிட்டுப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கீழேயிருக்கிற கிருமியை மேலே தள்ளுகிறது. முன்சொன்ன 5,041 பெண்களின் கணக்கிலேயே, அதிகத் தடவை கைவிட்டுப் பார்க்கப்பட்டவர்களுக்குத்தான் தொற்று அதிகம் வந்ததென்று கண்டிருக்கிறார்கள். ஆதலால், வலி இல்லாதபோது கைவிட்டுப் பார்க்கக்கூடாது. உடைந்தது பனிக்குடந்தானா என்று தெரிய வேண்டுமானால், சுத்தம் செய்த கருவியை வைத்துக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பனிநீர் காரத்தன்மை உள்ளது, பெண்ணுறுப்பின் ஈரம் புளிப்புத்தன்மை உள்ளது. சாயக் காகிதத்தைத் தொட்டால் நிறம் மாறுவதைக் கொண்டும் சொல்லிவிடலாம். பிரசவம் நடக்கும்போது பார்க்கவேண்டியது அவசியந்தான். ஆனால் அவசியத்திற்குப் பார்ப்பது வேறு, நாலு பேர் படிப்பதற்காக நாலு தடவை பார்ப்பது வேறு. "எதற்காகப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்க உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. உங்கள் உடம்பு உங்களுடையது. கேட்டால் கோபிப்பார்கள் என்றால், கோபிக்கட்டும். 2016இல் இந்திய அரசாங்கம் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை கூட இருக்கலாமென்று அனுமதித்திருக்கிறது. வாயுள்ள ஒருத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். வாயில்லாதவள் அழுவதற்கு மாத்திரமே உதவுவாள்.

இத்துடன் "வலி ஊசி"யைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆக்ஸிடோசின் என்பது நம் உடம்பிலேயே ஊறுகிற ஒரு சத்து. அதைச் செயற்கையாய்ச் செய்து காட்டியவர் அமெரிக்காவிலிருந்த டு விஞ்ஞோ என்பவர். அதற்காக 1955இல் நோபல் பரிசு பெற்றார். அருமையான மருந்து. ஆனால் அதைப் பாட்டிலில் கலந்து, சொட்டுக் கணக்குப் பார்த்து, குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்றவேண்டும். வலி அதிகமானால் குறைக்கலாம், நிறுத்தலாம். அப்படியின்றி, அரைகுறையாய்க் கற்ற ஒருவர் வீட்டிற்கு வந்து, குழந்தை பிறக்குமுன் தொடையிலோ இடுப்பிலோ குத்திவிட்டால், உள்ளே போனதைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது. கர்ப்பப்பை கிழிந்து தாயும் சாவாள். மூச்சுத் திணறிக் குழந்தையும் சாகும். குழந்தை பிறந்த பிறகு அதே மருந்தை 10 யூனிட் ஊசியாகப் போடுவது உதிரப்போக்கைத் தடுக்கும், அது அவசியம். பிறக்கும் முன் பிறந்த பின் என்கிற இந்த வித்தியாசம் தெரியாதவர் கையில் ஊசியைக் கொடுக்காதீர்கள். விளக்கெண்ணெய் கொடுத்து வலி வரவழைக்கிற பாட்டி வைத்தியமும் வேண்டாம், பேதிதான் நிச்சயம். சீரகத் தண்ணீரில் குற்றமில்லை. குடித்துவிட்டு வண்டியேறுங்கள்.

நம் நாட்டில் இப்போது ஆஸ்பத்திரியில்லாமல் இல்லை. 2019-21இல் எடுத்த குடும்ப நலக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 100க்கு 99க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடந்திருக்கின்றன. இது சாமானியமான காரியமல்ல. நம் பாட்டிகள் காலத்தில் கனவிலும் நினைத்ததல்ல. ஆகவே நம் குறை ஆஸ்பத்திரிக்குப் போகாததல்ல, எந்த நேரத்தில் போகிறோம், போய் என்ன சொல்லுகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

ஆதலால், தண்ணீர் உடைந்தவுடன் முதலில் செய்யவேண்டியது மணியைப் பார்த்து எழுதி வைப்பது. மூளைக்குள் எழுதினால் போதாது. மூன்று பேர் மூன்று மணி சொல்லுவார்கள். காகிதத்தில் எழுதுங்கள். சுத்தமான துணியோ நாப்கினோ வைத்துக் கொண்டு, நிறத்தைப் பாருங்கள். வெண்மையாய் அல்லது வைக்கோல் நிறமாய் இருந்தால் சரி. பச்சையாய் இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டதென்று அர்த்தம். இரத்தமாய் இருந்தாலும், நாற்றமடித்தாலும், காய்ச்சலோ குளிரோ கண்டாலும், குழந்தை அசைவது குறைந்தாலும், காத்திருக்கிற பேச்சே இல்லை. குழந்தையின் அசைவு குறைந்தது அவளுக்குத்தான் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. நாம் சொன்ன அந்தப் பெண் பின்னால் நம்மிடம் சொன்னாள்: "புதன்கிழமை மத்தியானமே அசைவு குறைந்துபோச்சு. என்னை யார் கேட்டாங்க?" என்று.

அபூர்வமாக, தண்ணீரோடு கொடியும் வெளியே நழுவி வந்துவிடும். குழந்தை தலைகீழாய் இல்லாமல் குறுக்காகவோ, கால் கீழாகவோ இருப்பவர்களுக்கு இது அதிகம். கொடி நசுங்கினால் குழந்தைக்கு இரத்தம் போகாது. அப்போது அதைக் கையால் தொட்டு உள்ளே தள்ளாதீர்கள். அந்தப் பெண் முட்டிபோட்டு, தலையும் மார்பும் தரையிலும் இடுப்பு உயரத்திலுமாகக் குனிந்துகொள்ளட்டும். 108க்குப் போன் செய்யுங்கள். அது நிமிஷக் கணக்கில் நடக்கவேண்டிய காரியம்.

உடைந்த பிறகு புருஷன் பெண்ஜாதி சேர்க்கை கூடாது. ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும், இரத்தப் பரிசோதனைக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். முன்னால் ஆபரேஷன் ஆகியிருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். மருந்தின் அளவும் வகையும் அதனால் மாறும். கிருமிக்கு மருந்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருக்கிறது. ஆனால் காய்ச்சலிருந்தால், அல்லது நேரம் அதிகமாகியிருந்தால், டாக்டர் கொடுப்பார். அதற்குத்தான் உண்மையான மணி தெரியவேண்டும். வைவார்களே என்று பயந்து மணியைக் குறைத்துச் சொன்னால், வைவது தப்பலாம். வைத்தியமும் தப்பிப் போகும். வைகிற நர்சுகளுக்கும் சொல்லுகிறோம்: நீங்கள் வைகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் அடுத்த வீட்டுக்காரி ஒருத்தி பத்து மணி நேரம் தாமதித்து வருவாள்.

பிறந்த குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும், நிமிஷத்திற்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலும், உடம்பு சுட்டாலும், சில்லிட்டாலும் அப்பொழுதே காட்டவேண்டும். முதல் நாளில் வெகு ஜாக்கிரதை வேண்டும்.

இப்போது சில சீட்டுகள் வந்திருக்கின்றன.

ஒரு அம்மாள், "தண்ணீரெல்லாம் போய்விட்டால் வறட்டுப் பிரசவமாகிக் குழந்தை ஒட்டிக்கொள்ளுமாமே?" என்று கேட்டிருக்கிறார். ஒட்டிக்கொள்ளாது. அந்தத் தண்ணீரில் பெரும்பாகம் குழந்தை பெய்கிற சிறுநீர்தான். அது உள்ளே பெய்துகொண்டேயிருக்கும், தண்ணீரும் ஊறிக்கொண்டேயிருக்கும். சிரிக்காதீர்கள், உண்மை அதுதான்.

மற்றொருவர், "ஜோசியர் குறித்துக் கொடுத்த முகூர்த்தத்தில் ஆபரேஷன் செய்தால் குழந்தை கலெக்டர் ஆகும் என்கிறார்களே?" என்று எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கிலே பார்த்தால் தமிழ்நாட்டிலே 100க்கு 45 பிரசவம் ஆபரேஷனாயிருக்கிற இந்தக் காலத்தில் கலெக்டர்களை வைக்க இடம் போதாது. ஆபரேஷன் வேண்டியபோது அது உயிர்காக்கும். பை உடைந்தும், கொடி நழுவியும், குழந்தை துடிப்பு இறங்கியும் இருக்கிறபோது செய்கிற ஆபரேஷனுக்கு நாம் தலைவணங்குகிறோம். நட்சத்திரத்திற்காக வயிற்றைக் கிழிப்பது வேறு.

மூன்றாவது சீட்டு இந்தக் கர்ப்பிணிப் பெண்ணே எழுதியதென்று எழுத்தைப் பார்த்தால் தெரிகிறது. "சொட்டுச் சொட்டாய் வந்தால் அது சிறுநீரா, பனிநீரா என்று எப்படித் தெரிவது?" நல்ல கேள்வி. சிறுநீர் நாற்றம் உங்களுக்குத் தெரியும். பனிநீரில் அந்த நாற்றமிராது. சிறுநீரை அடக்கலாம், இதை அடக்க முடியாது. துணி வைத்துக் கொண்டு கொஞ்சம் நடந்து பார்த்தால் மேலும் மேலும் நனையும். சந்தேகம் தீரவில்லையானால் போய்க் காட்டிவிட வேண்டும். சிறுநீர்தான் என்று சொல்லித் திருப்பியனுப்பினால் வெட்கமொன்றுமில்லை, ஆட்டோச் சத்தம் மாத்திரந்தான் நஷ்டம்.

கடைசிச் சீட்டில் பெயரில்லை. "பெரியவர்கள் போகவேண்டாமென்றால் நான் என்ன செய்வது?" என்று மாத்திரம் இருக்கிறது. அம்மா, 108 வண்டி தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது, காசு கிடையாது, கூப்பிடுவதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். நீங்களே கூப்பிடலாம். ஆனால் அந்த நேரத்தில் உங்களை அப்படித் தனியாக விடலாமா என்று நாம் உங்களைக் கேட்கவில்லை; அதோ வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற இந்த வீட்டு மாப்பிள்ளையைக் கேட்கிறோம். தோழரே, ராத்திரி 2 மணிக்கு எழுப்பினால் வண்டி எங்கிருந்து வரும்? எந்த ஆஸ்பத்திரி? அதுவரையில் எவ்வளவு நேரம்?

(அவர், 108ஐக் கூப்பிடுவதாகவும், அது வரத் தாமதமானால் தெருமுனை ஆட்டோக்காரரைக் கூப்பிடுவதாகவும், அவருடைய நம்பரைச் சுவரில் எழுதி வைப்பதாகவும் சொன்னார்.)

சரி. எழுதுங்கள். அந்தக் காலண்டர் தொங்குகிற ஆணியிலேயே ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிடுங்கள். மணியைக் குறித்து வைக்க அந்தக் காகிதத்தின் பின்புறம் வெறுமையாய்த்தான் இருக்கிறது.